அக்காவோட ஆறாம் வகுப்பு

எங்க வீட்டுக்காரர் சுகுமாறனுக்குப் புல்லு வெட்டுற தொழில். மேருங்கிற ஊர்ல ஒரு ஸ்டோர், ஒரு பழைய லோரி, கொஞ்சம் மெஷின், ஏழெட்டு ஆளுங்க. கிள்ளான் வட்டாரத்துல பள்ளிக்கூடத் திடல், லோங்காங் சாக்கடை ஓரம், ரோட்டோரம்னு எங்க புல்லு மண்டுதோ அங்க இவரு நிப்பாரு. நிக்கிற அழகைப் பார்க்கணுமே! இஸ்திரி போட்ட சட்டை, பையில பேனா, கால்ல பளபளன்னு சப்பாத்து. "புல்லு வெட்டப் போறீங்களா, பொண்ணு பார்க்கப் போறீங்களா?"ன்னு நான் கிண்டல் பண்ணாத நாள் இல்ல. "வாயை மூடிட்டு டீயக் குடு அமுதா"ம்பாரு.

என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பவும் அதே கோலந்தான். காப்பார் பக்கம் ரப்பர் தோட்டத்து லைன் வீட்டுல பொறந்த மனுஷன், அதப் பத்தி ஒரு வார்த்தை பேசல. எங்கப்பா இவரைத் தோட்டத்து ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி வீட்டுப் பிள்ளைன்னே நெனச்சுட்டாரு. கல்யாணம் முடிஞ்சு என் நாத்தனார் தங்கமணி அண்ணிதான் சிரிச்சுக்கிட்டே உடைச்சாங்க. "கிராணியா? எங்கப்பா கன்னையா ரப்பர் மரத்துல பால் வெட்டினவரு, அம்மாவும் வெட்டினாங்க, நானும் வெட்டினேன். உன் புருஷன் மட்டும்தான் வெட்டல."

அதுதான் அந்த வீட்டுக் கதை. அப்பாவுக்கு நெஞ்சுல சீக்கு வந்து படுத்துட்டாரு. அம்மா கூட இன்னொரு கை வேணும். அண்ணி அப்ப ஆறாம் வகுப்பு முடிச்சிருந்தாங்க. நல்லாப் படிக்கிற பிள்ளை, வாத்தியாரு வீடு தேடி வந்து கேட்டிருக்காரு. "பொட்டப்புள்ளைதானே"ன்னு அப்பா நிறுத்திட்டாரு. தம்பி மட்டும் பள்ளிக்கூட பஸ்ஸுல கிள்ளானுக்குப் போனாரு, மேல்நிலைப் பள்ளியில ஃபார்ம் ஃபைவ் முடிச்சாரு, அதுக்கு மேலயும் ஒரு தொழில் படிப்பு படிச்சாரு. பஸ் காசு, புத்தகம், வெள்ளைச் சட்டை எல்லாம் அண்ணி வெட்டின பால்.

இந்த மனுஷன் அக்காவப் பத்திப் பேசவே மாட்டாரு. பாசம் இல்லாம இல்ல, அளவுக்கு மீறி இருக்கு. தீபாவளிக்கு முதல் சேலை அக்காவுக்குத்தான், எனக்கு அப்புறந்தான். ஆனா அந்தப் பழைய பேச்சு வந்தா எழுந்து லோரியத் துடைக்கப் போயிருவாரு. துடைக்கிற அளவுக்கு அந்த லோரியில என்ன இருக்கு சொல்லுங்க.

அண்ணி இப்ப பூச்சோங்ல இருக்காங்க. புருஷன் போய்ச் சேர்ந்து ரொம்ப காலம் ஆச்சு. விடிஞ்சா பஸ் ஸ்டாப்பு பக்கத்துல ஒரு மேசை, ஒரு பெரிய குடை. இட்லி, வடை, நாசி லெமாக். அவங்க வடைக்கு மலாய்க்காரங்க சீனவங்க எல்லாம் வரிசையில நிப்பாங்க. ஆனா லைசென்ஸ் கிடையாது. நகராண்மைக் கழக லோரி வந்தா மேசையும் குடையும் ஏறிப் போயிரும். அண்ணி வடைச் சட்டிய மட்டும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. அவங்களுக்கு உலகத்துல ஒரே ஒரு ஆசைதான். ஒரு பள்ளிக்கூடக் கேண்டீன். "மேல கூரை, தண்ணிக்கு சிங்க், என்னைத் தொரத்த யாரும் வரமாட்டான். அது போதும் அமுதா, அப்புறம் நான் செத்தாலும் பரவால்ல"ம்பாங்க. "ஏன் சாகணும், வடைய யாரு சுடுறது?"ன்னு நான் சொல்லுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தத் திட்டம் வந்துச்சு.

அதுவரைக்கும் அரசாங்க வேலை நேரா எங்க கைக்கு வந்ததே இல்ல. மேல ஒரு பெரிய குத்தகைக்காரரு எடுப்பாரு, எலும்பைக் கீழ எங்களுக்குப் போடுவாரு. அவரும் அந்த வருஷம், "சுகு, வேற ஆளு இன்னும் மலிவா செய்றான்"னு கையை விரிச்சிட்டாரு. வெட்டுறதுக்கு வேலை இல்ல. ஆளுங்க ஸ்டோர்ல உட்கார்ந்து மெஷினையே மாத்தி மாத்தித் தொடைச்சாங்க. அந்த நேரத்துல, இந்தியச் சின்னக் குத்தகைக்காரங்களுக்குப் பள்ளிக்கூடப் புல்லு வேலைய நேராவே குடுக்குறாங்கன்னு சேதி. ஆனா ஒரு நிபந்தனை. கம்பெனி முதலாளி சமுதாயத்துல பின்தங்கி வந்தவர்னு நிரூபிக்கணும். என்ன கஷ்டம், எதனால வாய்ப்புப் போச்சுன்னு சொந்தக் கதைய எழுதிக் குடுக்கணும். நேர்காணலுக்குக் குடும்பத்துல ஒருத்தர சாட்சியாக் கூட்டிட்டுப் போகணும். சொன்னது பொய்னா குத்தகை ரத்து, அப்புறம் ஜென்மத்துக்கும் அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்க முடியாது.

எனக்கு ஒரே சிரிப்பு. வாழ்நாள் பூரா பேனாவும் சப்பாத்துமா மறைச்சு வெச்சத, இப்ப எடுத்துக் காட்டினாத்தான் சோறு.

பிரிக்ஃபீல்ட்ஸ்ல பிரவின்னு ஒரு பையன் இதுக்கெல்லாம் எழுதித் தர்றான். மாடியில ஆபீஸு, கீழ பூக்கடை. கெட்டிக்காரன். இவரு மட்டும் போனாரு. திரும்பி வந்து கையில இருந்த தாளை என் மடியில போட்டுட்டு நேரா குளிக்கப் போயிட்டாரு. வழக்கமா இவரு பேப்பரைக் காட்டினா பக்கத்துல நின்னு, "எப்படி?"ன்னு கேப்பாரு. அன்னிக்கு நிக்கல.

மலாய்ல அழகா எழுதியிருந்தான். அதுல இருந்தது இதுதான். ஆறாம் வகுப்போட என் படிப்பை நிறுத்திட்டாங்க. வாத்தியார் வீடு தேடி வந்து கேட்டும் விடல. இருட்டுல எழுந்து அம்மா கூடப் பெரட்டுக்குப் பேர் குடுக்கப் போனேன். நான் மரம் வெட்டின காசுல கூடப் பொறந்தது படிச்சுச்சு. எல்லாமே 'சாயா', 'சாயா', நான், நான்.

குளிச்சு வந்தவரை விடல நான். "என்னங்க இது? இது அண்ணி கதைலா!"

"நான் அக்காவப் பத்தித்தான் சொன்னேன்."

"என்ன சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க."

சொன்னாரு. "அப்பாவுக்கு முடியாமப் போச்சு. ஆறாம் வகுப்போட படிப்ப நிறுத்தியாச்சு. மரம் வெட்டப் போயாச்சு. அப்படியே காலம் ஓடிப்போச்சுன்னு சொன்னேன். அந்தப் பையன் என்னைன்னு நெனச்சுக்கிட்டு டைப் தட்டிட்டான்."

எனக்குப் புரிஞ்சுபோச்சு. நம்ம பேச்சுல அப்படி ஒரு வசதி இருக்கே. நிறுத்தியாச்சு, போயாச்சுன்னா யாரை நிறுத்தினாங்க, யாரு போனாங்கன்னு ஒண்ணும் வராது. சாப்பிட்டாச்சான்னு கேக்கும்போது யாருன்னா சொல்றோம்? வீட்டுக்குள்ள அது போதும், எல்லாருக்கும் ஆளு தெரியும். மலாய்ல எழுதுறவனுக்கு ஆளு வேணும்ல, எதிர்ல உட்கார்ந்திருந்த ஆளைப் போட்டுட்டான். அவனைச் சொல்லிக் குத்தமில்ல. இந்த மனுஷனுக்கு 'அக்காவ நிறுத்தினாங்க, என்னைப் படிக்க வெச்சாங்க'ன்னு ஆளு பேரு சொல்லிப் பேச ஒரு நாளும் வாய் வந்ததில்ல. அதனால எப்பவுமே ஆச்சு, போச்சுதான்.

"சரி, தெரியாம நடந்துச்சு. இப்ப ஃபோன் போட்டுத் திருத்தச் சொல்லுங்க."

போட்டாரு. ஸ்பீக்கர்லதான் போட்டாரு, நானும் கேட்டேன். பிரவின் தாளைப் புரட்டுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், "அங்கிள், ஒவ்வொரு கஷ்டத்துக்கும் புள்ளி போடுறாங்க, கூடப் பொறந்தவங்க கஷ்டத்துக்குக் கிடையாது. முதலாளி கஷ்டந்தான் கணக்கு. உங்க சொந்தக் கதை என்ன, சொல்லுங்க, மாத்திரலாம்"னான்.

இவரு யோசிச்சாரு. "நான்... ஃபார்ம் ஃபைவ் முடிச்சேன்."

"அப்புறம்?"

"வேலை தேடினேன். கிடைக்கல. கொஞ்ச நாள்ல கிடைச்சுச்சு."

"அவ்வளவுதானா அங்கிள்?"

அவ்வளவுதானா சொல்லுங்க? இவருக்கும் கதை இருந்துச்சு. நேர்காணலுக்குப் போன எடத்துல வாசல்லயே திருப்பி அனுப்பினாங்க, குத்தகை கேட்டப்ப தோட்டக்காட்டான்னு நம்மாளே சிரிச்சான். எனக்குத் தெரியும், கல்யாணமான புதுசுல காய்ச்சல்ல உளறினாரு. அதெல்லாம் சொல்லலாம்ல? சொல்லணும்னா சட்டையக் கழட்டிக் காட்டணுமே. அவருக்கு அது வராது. அக்கா கஷ்டத்தச் சொல்றது சுலபம், தன் அவமானத்தச் சொல்ல நாக்கு எழலை.

"இருக்கட்டும் பிரவின். நான் அப்புறம் சொல்றேன்"னு ஃபோன வெச்சாரு. அந்த அப்புறம் வரவே இல்ல. நான் கத்தினேன். பிள்ளைங்க ரூமை விட்டு வெளிய வந்து பார்க்குற அளவுக்குக் கத்தினேன். ஆனா மறுநாள் ஸ்டோருக்குச் சாப்பாடு கொண்டு போனப்ப, வேலை இல்லாம உட்கார்ந்திருந்த தம்புசாமி அண்ணே, "என்ன தங்கச்சி, இந்த மாசமாவது ஏதாவது வருமா?"ன்னு கேட்டாரு. அதுக்கப்புறம் நான் கத்தல, தாளு அப்படியே போச்சு.

சாட்சிக்கு அண்ணியத்தான் கூட்டிட்டுப் போகணும், வேற யாரு இருக்கா? பூச்சோங் போனோம். போற வழியெல்லாம், "சொல்லிட்டுக் கூப்பிடுங்க, இல்லன்னா கூப்பிடாதீங்க"ன்னு சொல்லிக்கிட்டே வந்தேன். சரி சரின்னாரு. அண்ணி சூடா வடை எடுத்து வெச்சாங்க. இவரு ஒண்ணு தின்னாரு, ரெண்டாவது தின்னாரு. நான் மேசைக்கு அடியில காலை மிதிச்சேன். "ஆபீசருங்க குடும்பக் கதைய கேப்பாங்கக்கா. ஆமான்னு சொன்னாப் போதும்"னாரு. அண்ணி, "ஆமான்னு சொல்லத்தானே, அதுக்கு எதுக்குடா இவ்வளவு தூரம் வந்தீங்க, ஃபோன்ல சொன்னா வரமாட்டேனா?"ன்னாங்க. அப்புறம் கொஞ்சம் வெக்கப்பட்டுக்கிட்டே, "அடுத்த வருஷம் இதே திட்டத்துல கேண்டீன் குடுக்கப் போறாங்களாம்டா. இப்ப போய்ப் பார்த்துக்கிட்டா எனக்கும் பழகின மாதிரி இருக்கும்"னாங்க. நான் பாதி வடையக் கீழ வெச்சுட்டேன்.

நேர்காணல் கோலாலம்பூர்ல, மேல் மாடியில ஒரு ஆபீஸு. ரெண்டு பேரு. ஒரு மலாய்க்கார அம்மா, எல்லாரும் மரியாதையா புவான்னு கூப்பிட்டாங்க. இன்னொருத்தரு முகுந்தன், நம்மாளு, கண்ணாடி போட்ட சாந்தமான மனுஷன். முதல்ல முகுந்தன், பொய் சொன்னா என்ன ஆகும்னு தமிழ்ல வெளக்கினாரு. அப்புறம் புவான் கதைய வாசிச்சாங்க. நல்லா, நிறுத்தி நிறுத்தி.

அண்ணிக்கு மலாய் கேட்டாப் புரியும். மூணு இனமும் வடை வாங்குற எடம்ல. முதல்ல தலைய ஆட்டிக்கிட்டுத்தான் கேட்டாங்க, தன் கதைய யாரோ வாசிக்கிறாங்கன்னு. வாத்தியாரு வந்த எடத்துல லேசா சிரிச்சாங்க. அப்புறம் அந்த 'சாயா' காதுல ஏறுச்சு போல. தலை ஆடுறது நின்னுச்சு. மெதுவா தம்பி பக்கம் திரும்பினாங்க. இவரு மேசையப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. அந்த மூஞ்சிய நான் பார்த்தேன். சாமி, அத நான் பார்த்திருக்கக் கூடாது.

"பெத்தோல் கே, காக்?" உண்மைதானான்னு புவான் கேட்டாங்க.

அண்ணி முந்தானைய எடுத்து மடியில வெச்சு நீவினாங்க. "ஆமா"ன்னாங்க. அதோட விட்டிருக்கலாம். ஆனா எங்க அண்ணி ஒரு வேலைய எடுத்தா முழுசாச் செய்வாங்க. "தம்பிதான் மரம் வெட்டினான். நான்தான் படிச்சேன். ஃபார்ம் ஃபைவ் வரைக்கும்."

"சர்ட்டிபிகேட் இருக்காக்கா?"ன்னு முகுந்தன் கேட்டாரு.

"அந்தப் பெரிய வெள்ளத்துல போயிருச்சு சார்."

ஊரே முழுகின அந்த வெள்ளத்தைச் சொன்னா நம்ம பக்கத்துல யாரும் மறுபேச்சு பேசமாட்டாங்க. முகுந்தன் தலைய ஆட்டி எழுதிக்கிட்டாரு. புவான் கண்ணத் துடைச்சுக்கிட்டு, உங்களுக்கு இப்படி ஒரு தம்பி கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்னு மலாய்ல சொன்னாங்க. அண்ணி அதுக்கும், "ஆமா புவான், குடுத்து வெச்சிருக்கேன்"னாங்க.

திரும்பி வரும்போது பிரிக்ஃபீல்ட்ஸ்ல சாப்பிட்டோம். அண்ணி வாழை இலையில ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாங்க. இவரு பிசைஞ்சுக்கிட்டே இருந்தாரு. "அக்கா..."ன்னு ஆரம்பிச்சாரு. "தின்னுடா. பிள்ளைங்களுக்கு ஃபீஸ் கட்டணும், ஆளுங்களுக்குச் சம்பளம் குடுக்கணும். எனக்கென்ன, ரெண்டு வார்த்தை சொன்னேன். கொறைஞ்சா போச்சு?"ன்னாங்க.

குத்தகை கிடைச்சுச்சு. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா மெஷின் சத்தம் கேட்டுச்சு. தம்புசாமி அண்ணே பொண்ணுக்குக் கல்யாணம் பேசினாரு. நான் பொய் சொல்லமாட்டேன், எனக்கும் சந்தோஷந்தான். ஆனா வீட்டுல இருந்த மனுஷன் வேற ஆளா ஆயிட்டாரு. சட்டைய இஸ்திரி போடச் சொல்றதில்ல. ஆளுங்க இருக்கும்போதே மெஷினத் தானே தோள்ல மாட்டிக்கிட்டு வெயில்ல வெட்டுறாரு. "ஏன் பாஸ், நாங்க செத்தா போயிட்டோம்?"னு அவங்களே கேட்டாங்க. அண்ணி வீட்டுக்குப் புது ஐஸ்பெட்டி வாங்கிட்டுப் போனாரு. அரிசி போகுது, எண்ணெய் போகுது. அண்ணி, "என்னடா, நான் என்ன மடமா நடத்துறேன்?"ன்னு சிரிச்சாங்க. குடுக்குறாரே தவிர, உட்கார்ந்து ஒரு வாய்த் தண்ணி குடிக்கிறதில்ல. வாசல்லயே வெச்சுட்டு ஓடி வந்துருவாரு. திட்டத்து ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டு, புதுசா வர்றவங்களுக்கு உங்க கதைய வந்து சொல்லுங்கன்னு கேட்டாங்க. தொண்டை சரியில்லன்னாரு. மறுபடியும் கேட்டாங்க, மறுபடியும் தொண்டை. "வெட்கமா இருக்கு அமுதா. பள்ளிக்கூடத் திடல்ல நின்னு புல்லு வெட்டுறேன், உள்ள பிள்ளைங்க வாய்ப்பாடு சொல்லுது. அக்கா குரல் மாதிரியே கேக்குது"ன்னாரு ஒரு நாள். நான் சாப்பாட்டப் போட்டேன்.

அடுத்த வருஷம் கேண்டீன் வந்துச்சு, பூச்சோங் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். அண்ணி எழுதிப் போட்டாங்க. மருமகள வெச்சு எழுதியிருக்காங்க. புருஷன் இல்லாதது, ரோட்டோரத்துல வடை சுட்டுப் பிள்ளைங்கள ஆளாக்கினது, மேசை லோரியில போனது எல்லாம் இருந்துச்சு. படிப்பு மட்டும் ஃபார்ம் ஃபைவ். போன வருஷம் அங்க சொன்னதை மாத்தி வேற என்ன எழுத முடியும்? நேர்காணலுக்குச் சாட்சி வேணும்னு தம்பியக் கூப்பிட்டாங்க.

அன்னிக்குக் காலையில இவரு சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கிட்டே சொன்னாரு. "நான் உண்மையச் சொல்லிடப் போறேன். குத்தகை போகும். உனக்குச் சம்மதமா?"

பெரிய மகளோட காலேஜ், லோரிக் கடன், தம்புசாமி அண்ணே, எல்லாம் ஒரே நேரத்துல வந்து நின்னுச்சு. ஆனா அந்த மூஞ்சியப் பார்த்தப்ப வேண்டாம்னு சொல்ல வரல. "சொல்லுங்க. பட்டினி கிடந்தாலும் நிம்மதியாத் தூங்குவீங்க"ன்னேன்.

அதே மாடி, அதே ரூமு, அதே ரெண்டு பேரு. புவான் இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கும்பிட்டாங்க. அண்ணி நல்ல சேலை கட்டி, முடியில பூ வெச்சு வந்திருந்தாங்க. வேலைய எப்படிச் செய்வீங்கன்னு கேட்டாங்க. அண்ணி வெளுத்துக் கட்டிட்டாங்க. பிள்ளைங்களுக்கு எண்ணெய் எவ்வளவு ஆகும், எது வயித்தக் கெடுக்காது, எல்லாம் சொன்னாங்க. முகுந்தன் சிரிச்சுட்டாரு. அப்புறம் தாளைத் திருப்பினாரு, சிரிப்பு கொறைஞ்சுச்சு.

"எல்லாம் சரிதான்கா. பின்தங்கி வந்தவங்கங்கிற பகுதியிலதான் புள்ளி பத்தல. நீங்க ஃபார்ம் ஃபைவ் முடிச்சவங்க."

"தெரியும் சார்"னாங்க அண்ணி. "மத்ததப் பார்த்து ஏதாவது..."

புவான் அன்பாத்தான் கேட்டாங்க. அதான் வலிச்சுச்சு. உங்க தம்பி தன் படிப்ப விட்டுக் குடுத்து உங்களைப் படிக்க வெச்சாரு. படிக்காத அவரு இவ்வளவு தூரம் வந்துட்டாரு. படிச்ச நீங்க ஏன்கா ரோட்டோரத்துல நின்னுட்டீங்க? அந்த வாய்ப்ப என்ன பண்ணீங்க?

அண்ணி முந்தானை நுனியப் பார்த்துக் குனிஞ்சாங்க. வடைச் சட்டியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னப்பகூட அவங்க அப்படித் தலைய குனிஞ்சு நான் பார்த்ததில்ல.

இவரு எழுந்துட்டாரு. நாற்காலி பின்னால சாஞ்சு விழுந்துச்சு. "புவான், படிச்சது நான். எங்க அக்காவைத்தான் நிறுத்தினாங்க. மரம் வெட்டினது எங்க அக்கா. ஃபார்ம் ஃபைவ் முடிச்சது நான். போன வருஷம் நான் பொய் சொன்னேன். அந்தக் கதை முழுக்க எங்க அக்காவோடது." மலாய்லயும் சொன்னாரு, தமிழ்லயும் சொன்னாரு. அழுதுக்கிட்டே சொன்னாரு. ஐம்பது வயசு தாண்டின மனுஷன், மூக்க ஒழுக விட்டுக்கிட்டு.

முகுந்தன் பேனாவ எடுத்தாரு.

அண்ணி பேனாவத்தான் பார்த்தாங்க. அப்புறம் சிரிச்சாங்க பாருங்க, நல்லா சத்தமா சிரிச்சாங்க. "ஐயோ புவான், இவன் பேச்ச கேக்காதீங்க. சின்ன வயசுல இருந்து இப்படித்தான். எனக்கு ஒண்ணு கிடைக்கலன்னா இவன் கழுத்த நீட்டுவான். எனக்குக் கேண்டீன் கிடைக்கணும்னு இப்ப தன் தலையில மண்ண அள்ளிப் போட்டுக்கிறான். உட்காருடா!"

"அக்கா, நான் உண்மைய..."

"உட்காருன்னு சொன்னேன்!"

உட்கார்ந்துட்டாரு. நானும் அங்கதான் இருந்தேன். என்கிட்டயும் வாய் இருக்கு, ஊரையே கூட்டுற வாய். அவரு சொல்றதுதான் உண்மைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பெரியவ காலேஜ் கண்ணு முன்னால வந்துச்சு. வாய் திறக்கவே இல்ல.

புவான் ரெண்டு கையையும் நெஞ்சுல வெச்சுக்கிட்டாங்க. கண்ணு நிறைஞ்சு போச்சு. இன்னொரு தடவை அக்காவுக்காக எல்லாத்தையும் விட வந்துட்டீங்களேன்னாங்க. முகுந்தன் என்னைப் பார்த்தாரு, அண்ணியப் பார்த்தாரு, இவரைப் பார்த்தாரு. அவருக்குப் புரிஞ்சுதோ என்னவோ, எனக்குத் தெரியாது. பேனாவ மூடி வெச்சாரு. "சார், உங்க நல்ல மனசு புரியுது. ஆனா இப்படியெல்லாம் பேசாதீங்க, உங்க குத்தகைக்கே ஆபத்து. நான் எழுதிக்கல. அக்கா, இந்தத் தடவை கஷ்டந்தான். மன்னிச்சுக்குங்க."

வெளிய லிஃப்ட்டுக்கு நின்னோம். இவரு அண்ணி கையப் பிடிச்சாரு. "ஏன்கா அப்படிச் சொன்னே? நான் உண்மையத்தானே சொன்னேன்."

அண்ணி கைய உருவிக்கிட்டாங்க. எத்தனையோ வருஷமா அவங்களைத் தெரியும், அவங்க கோபத்த அன்னிக்குத்தான் பார்த்தேன். சத்தம் போடல.

"போன வருஷம் சொல்லியிருந்தா பட்ட கஷ்டத்துக்குப் பேராவது எனக்குக் கிடைச்சிருக்கும்டா. இன்னிக்குச் சொன்னே. அந்தப் பேரும் உனக்கே போயிருச்சு."

லிஃப்ட் வந்துச்சு. அவங்க மட்டும் ஏறினாங்க.